கண்ணாடிமேல் விட்டுப்போன படம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மருமகளும் சின்னக்குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். குட்டிக்கு இருமல் விட்டதா, வெந்நீர் கொடு, கண்ட சிரப்பையும் ஊற்றாதே. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே கோர்ட்டில் அந்த இன்ஸ்பெக்டர் வழக்கு நடக்கிறது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னபோது ஏன் என்று கேட்ட ஒரே குற்றத்துக்காக ஒரு மெக்கானிக்கை லத்தியால் முதுகு கிழிய அடித்தானே, அவன்தான். வருகிற கூட்டத்தைப் பார்த்தால் உனக்குச் சோறு இறங்காது. காலையிலேயே அவன் படத்தைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்கிறார்கள், கீழே ஊரைக் காத்த அண்ணன் என்று போடவேண்டுமாம். ரிட்டையரான வாத்தியார் ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர், "நாலு அடி போட்டாத்தாம்மா நாடு உருப்படும்" என்கிறார். பக்கத்துத் தையல்கடைக்காரி, "நெருப்பில்லாம புகையுமாக்கா" என்கிறாள். அடிபட்டவனுக்கு ஆதரவு என்று கொடி பிடித்து வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, கேமராக்காரன் போனதும் கொடியை என் கடை வாசலிலேயே போட்டுவிட்டு ஜூஸ் குடிக்கப் போய்விட்டார்கள். நான்தான் கூட்டி அள்ளினேன். சீ என்று ஆகிவிட்டது.

போன வியாழக்கிழமை மெக்கானிக்கின் மனைவி வந்தாள், ஆஸ்பத்திரியில் அவன் முதுகை எடுத்த போட்டோவை வக்கீலுக்கு நகல் எடுக்க. நகலைப் பத்திரமாக மடித்துக்கொண்டு அசலை மெஷின் கண்ணாடிமேலேயே விட்டுப்போவது நம் கடையில் தினம் நடப்பதுதானே, பள்ளிக்கூட நாளில் நீயே எத்தனை பேர் பின்னால் ஓடிக் கொடுத்திருக்கிறாய். கோர்ட்டில் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற பதற்றத்தில் அவளும் விட்டுப்போனாள். நான் பேப்பர் கட்டு எடுக்கக் குனிந்த நேரத்தில் அடுத்து நின்ற இன்ஸ்பெக்டர் கோஷ்டி ஆள் மூடியைத் தூக்கி, அதைப் போனில் படம் பிடித்து, இலவச மசாஜ் என்று எழுதி வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டான். மத்தியானத்துக்குள் கோர்ட் வாசலே காட்டிக்காட்டிச் சிரித்தது. அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன், என்ன பிரயோசனம், பரவியது பரவியதுதான்.

அது மெக்கானிக் கண்ணிலும் பட்டுவிட்டது. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அடுத்த மாதம் அவன் கூண்டேறிச் சாட்சி சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் வழக்கு அவ்வளவுதான், அந்த இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவான். வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். "ஊரே என் முதுகப் பாத்துச் சிரிச்சாச்சு, இன்னும் யாருக்கும்மா காட்டணும்" என்று கேட்டான்.

நேற்று அதே படம் நம் குடும்பக் குரூப்பில் வந்தது. போட்டது உன் சித்தப்பா, அவருக்கு என்றைக்கு மூளை இருந்தது. கீழே முதல் ஆளாக விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டது நீ. உன் நம்பர்தானா என்று அப்பாவையும் பார்க்கச் சொன்னேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஊரான் சிரித்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம், நான் பெற்றது சிரித்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது. யாரென்று தெரியாது என்று மட்டும் சொல்லாதே. யார் முதுகாக இருந்தால் என்ன, பிய்ந்த தோலைப் பார்த்து உனக்கு எப்படியடா சிரிப்பு வந்தது.

அந்த மெக்கானிக்கின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டு, சிரித்தவர்களில் நானும் ஒருத்தன் என்று சொல். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவன் இஷ்டம். சிரித்தவர்களில் ஒருத்தனாவது வாய்திறந்து மன்னிப்புக் கேட்டால் கோர்ட் படியேற அவனுக்குக் கால் வரலாம். விசாரணை அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக நான் அவன் வீட்டு வாசலில் நிற்பேன்.

நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இரு, ஆசீர்வாதத்தில் நான் குறை வைக்கவில்லை. குட்டிக்கு முத்தம், காதை மூடித் தூங்கவை. முதலில் அவனிடம் பேசு. அதுவரை என்னைக் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா