எமரித் தாளால் தேய்த்தது யார்?

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என் மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் உங்களுக்குக் காட்டியிருப்பான். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என்னிடமும் கொடுக்கச் சொல்வீர்களோ என்று மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளையும் அத்தையையும் நீங்கள் இருக்கும் ஊருக்கே அழைத்துக்கொள்ளப் போகிறீர்களாம். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நீ உன் வேலையையே கட்டிக்கிட்டு அழு" என்றார். கட்டின புருஷன் வேலைக்கே உலை வைத்தவளை நம்பிப் பிள்ளைகளை எப்படி விடுவது என்று நீங்கள் கேட்டீர்களாம்.

லேத்தில் கடையும்போது டைட்டானியத்துக்குத் திமிர் அதிகம், வெட்டுகிற டூலைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தாலும் நடுங்கும், அந்த நடுக்கம் அப்படியே துண்டின் மேல் அலை அலையாக விழுந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். உங்கள் வேலை போன அந்த ஆர்டரில் டூலை நீட்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வேகத்தைக் குறைத்திருக்கலாம். ஃபோர்மேன் விரட்டினார், நீங்கள் குறைக்கவில்லை. லேத் அலறியது, கடைந்ததைச் சோதிக்கிற எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் அறை வரை கேட்டது. அதுகூடப் பரவாயில்லை, யார் கையிலும் நடக்கும். அந்தத் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்திருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நீங்களோ அலை தெரியாமல் இருக்க எமரித் தாளை, அந்த உப்புத்தாளை, எடுத்துப் பளபளவென்று தேய்த்து என் மேஜைக்கு அனுப்பினீர்கள்.

மேற்பரப்பை அளக்கிற மீட்டர் சரியென்றுதான் காட்டியது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன், அலை போகவில்லை. விமானத்தில் பொருத்துகிற சாமான். அந்தப் பள்ளத்தில் என்றாவது விரிசல் கிளம்பினால், அந்த விமானத்தில் ஏறினவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கமாட்டார்களா?

டீ நேரத்தில் வந்து, "நம்ம வீட்டு விஷயம், பாத்தும் பாக்காம விட்டுடு" என்று காதோரமாகச் சொன்னீர்கள். வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டீர்கள். பெண்டாட்டிதானே என்று அனுப்பினீர்கள். நான் சிவப்பு பெயின்ட் அடித்து ஒதுக்கினேன். முதலாளி உங்களை வேலையை விட்டு அனுப்பியது அலைக்காக இல்லை, மறைத்ததற்காக.

வீட்டில் நீங்கள் சொன்னது வேறு கதை. முந்தின நாள் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு நல்ல சரக்கை நான் தள்ளிவிட்டேனாம். அத்தை நம்பட்டும், அவர் உங்களைப் பெற்றவர். ஆனால் நேற்று பெரியவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பாவுக்கு வேலை போனதுக்கு நீதான் காரணமாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அவளிடம் உங்களைத் தாழ்த்திப் பேச எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு எப்படித்தான் வந்ததோ!

வாருங்கள், அழைத்துப் போங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தேய்த்தது நான்தான்" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகு, வருகிறாயா என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் நானே பெட்டி கட்டித் தருகிறேன். அது தெரியாமல் மட்டும் அவளை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள்.

இன்னமும் உங்கள் மனைவி