ரோஸ் சட்டையை வெளுக்க விடமாட்டேன்

என் ரோஸ் சட்டைக்கார அப்பாவுக்கு,

நேற்று உங்களை வெள்ளையாக்கிவிட்டார்கள்.

முதல் வருடத் திதிக்கு வீட்டில் மாட்ட, உங்கள் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தோம். நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோ. திற்பரப்பு அருவியில் நான் எடுத்த படம். ரோஸ் சட்டையில் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பீர்களே, அதுதான். சித்தப்பா வாங்கி வந்தார். சட்டத்துக்குள் வெள்ளைச் சட்டை, விறைத்த காலர். முகத்தையும் வெளுத்திருந்தார்கள். சிரிப்பு மட்டும் உங்களுடையது.

அம்மா கண்ணாடியைத் துடைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது ஆருட்டி?"

கேலி இல்லை அப்பா. நிஜமாகவே கேட்டாள்.

"நாந்தான் மைனி மாத்தச் சொன்னேன்" என்றார் சித்தப்பா. "ரோஸ் சட்டையோட செவுத்துல தொங்கினா வாறவன் சிரிக்க மாட்டானா?"

"அப்பா இருக்கும்போதும் சிரிச்சாங்க சித்தப்பா. அப்பாவும் சேந்துல்லா சிரிச்சாரு."

"ஏட்டி, செத்தவனுக்கு வெள்ளதான் மரியாத. நீ படிச்சவ, ஒனக்குத் தெரியாதா?"

படித்தேன். கல்லூரியில் நிறங்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தார்கள். சிவப்பு புரட்சி. கறுப்பு துக்கம். வெள்ளை தூய்மை. ரோஸைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அர்த்தம் எந்தப் பாடத்திலும் இல்லை. ரோஸ் என்றால், இன்று அப்பாவுக்கு டூட்டி இல்லை.

பள்ளிக்கூட வேன் திருப்பத்தில் வளையும்போதே தெரியும். அத்தனை பச்சை வயலுக்கும் நடுவில், வரப்பில் ஒரு ரோஸ் புள்ளி. மற்ற நாட்களில் காக்கி போட்டுக்கொண்டு கீரிப்பாறை போகும் அரசு பஸ்ஸை மலை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் புள்ளியைப் பார்த்த நாளில் வீட்டுக்கு நடக்கமாட்டேன். ஓடுவேன்.

காக்கி அரசாங்கம் கொடுத்தது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போட்ட வெள்ளை, ஊர் கொடுத்தது. ரோஸ் ஒன்றைத்தான் கடையில் நீங்களாகக் கை நீட்டி எடுத்தீர்கள். பார்த்துப் பார்த்து அதைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

ஏன் ரோஸ்? நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா என்ன?

ஒருமுறை அந்தச் சட்டையோடேயே ஒரு கல்யாணத்துக்கு வந்தீர்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்தார். "என்னவே, பொம்பளையாளு கலர மாட்டிக்கிட்டு வந்திருக்கீரு?" நீங்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கலருக்கு மீச மொளச்சிருக்கான்னு பாத்தாவே துணி எடுக்க முடியும்?" அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் நீங்கள்தான்.

முதல் சலவையில் சாயம் இறங்கி உங்கள் வேட்டியெல்லாம் ரோஸானது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் அந்த வேட்டியையும் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனீர்கள்.

உங்கள் உடலை எடுத்த அன்று வெள்ளையால்தான் மூடினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. உங்களையும்.

அது அன்றைக்கு. இந்தச் சுவர் நம்முடையது. படத்தை மாற்றப்போகிறேன் என்றேன்.

சித்தப்பா எழுந்துவிட்டார். "மாத்தினேன்னு வையி, பலி போட நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

திதிப் பிண்டம் வைக்க வீட்டில் வேறு ஆண் இல்லை. தெரிந்துதான் சொன்னார்.

"நீங்க வரணும்னுதான் ஆச சித்தப்பா. வரலேன்னா நான் போடுதேன்."

"நீயா?"

"நாந்தான்."

"சவத்த, என்னமும் செய்யி." செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ படத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்க ஆணிகளைக் கத்திமுனையால் நெம்ப ஆரம்பித்தாள்.

இன்று காலை ஸ்டுடியோவுக்குப் போனேன். சட்டையைத் திருப்பிப் போடுங்கள், முகத்தையும் பழையபடி கறுப்பாக்குங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரோஸு நிக்காதுக்கா. வெயில் பட்டா மொதல்ல போற கலரே அதுதான். வெள்ளைன்னா பயமில்ல. போறதுக்கு ஒண்ணும் கெடையாதுல்லா."

"பரவால்ல. ரோஸே போடுங்க."

வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லி அனுப்பினார். அம்மா கேட்கவில்லை. வாசலுக்கு நேராக மாட்டச் சொன்னாள், ஏறி வருகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற மாதிரி. சித்தப்பா கண்ணிலும்தான், வந்தால். வருவாரா அப்பா?

காலை வெயில் நேராக உங்கள் மேல் விழும். நிறம் போகும். போகட்டும். வெளுக்க வெளுக்க மறுபடி அச்சடித்து மாட்டுவேன். எனக்கு நரைத்த பிறகும் மாட்டுவேன். ஒரு நாள்கூட உங்களை இவர்கள் வெள்ளைக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே பிள்ளை