நீர் இடாத புள்ளடி

நான் இந்த முறை வாக்களிக்கப் போவதில்லை என்று முள்ளியவளையில் கதை உலாவுகிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் வெல்லக்கூடியவர்கள் என்றும் வெல்லாவிட்டாலும் நிற்கவேண்டியவர் என்றும் பேசப்படும் மூவரின் ஆட்களும் என் வேலிப் படலைக்கு வந்தார்கள். துண்டுப்பிரசுரங்களை வாங்கி, கடைசி வரி வரைக்கும் வாசித்து, "மூண்டு பேருக்கும் சித்தி இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவுதான். ஒருவரும் பரீட்சையில் சித்தியடையவில்லை என்பதும், நான் விடைத்தாளையே தொடமாட்டேன் என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் உமக்கு விளங்கும் என்பதால் உமக்கு எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நேற்று என் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. அதை வைப்பதற்காக அலுமாரியிலிருந்து ஆவணப் பையை எடுத்தேன். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்த அதே பைதான். காணிப் பத்திரத்துக்கும் கன்னியர்மடப் பாடசாலைச் சான்றிதழுக்கும் நடுவில் உம்முடைய அட்டை இருந்தது. கடனீரேரியைக் கடந்தபோது நனைந்ததில் மை கலைந்து, உமது பெயரில் பாதிதான் மிச்சம். முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சேற்று மணம் போகவில்லை.

மலையகத்தில் கலவரக்காரர் உமது வீட்டை எரித்துத் துரத்தியபின் நீர் இங்கே வந்து என் வேலிக்கு அப்பால் குடியேறினீர். முதல் இரண்டு வருடமும் உம்மை நான் 'நீ' என்றே அழைத்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் கணவர் காய்ச்சலில் போனபோது உறவினர் எல்லாரும் எட்டாம் நாள் எட்டுச் செலவோடு எழும்பிப் போய்விட்டார்கள். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை என் குசினியில் அடுப்பு மூட்டியது நீர். அதன்பிறகுதான் 'நீர்' என்றேன். நீரோ கடைசிவரை என்னை 'டீச்சர்' என்றே அழைத்தீர்.

உமது தாயும் தகப்பனும் தேயிலை மலையில் உழைத்து, ஒரு நாட்டுக்கும் பிரசையாகாமலே மறைந்தவர்கள். உமக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தபோது நீர் பேரப்பிள்ளை கண்டுவிட்டீர். முதல் வாக்காளர் அட்டை வந்த அன்று ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தது நினைவிருக்கிறதா?

"டீச்சர், என் பேரு சரியா அடிச்சிருக்கான்னு பாருங்க."

"சரியாத்தான் இருக்கு."

"வயசு?"

"அட்டையில வயசு போடமாட்டினம்."

"நல்லதாப் போச்சு. பாட்டியானப்புறம் மொத ஓட்டான்னு எவனும் சிரிக்க மாட்டான்."

அன்று தொடங்கி, கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பெட்டி கீறித் தரச்சொல்லி, அதற்குள் புள்ளடி போட்டுப் பழகினீர். கோட்டுக்கு வெளியே போனால் வாக்குப் பழுது என்று நான் பயமுறுத்தி வைத்திருந்தேன். ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்: "ரெண்டே ரெண்டு கோடு. இதுக்கா டீச்சர் எங்கள இத்தன வருசம் காக்க வெச்சானுங்க?" நான் அடுத்த தாளை எடுத்து இன்னொரு பெட்டி கீறினேன்.

அந்தத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்பது இங்கே அதிகாரத்தில் இருந்த இயக்கத்தின் சொல். எங்கள் வாக்குச்சாவடியோ இராணுவச் சோதனைச் சாவடிக்கு அப்பால் இருந்தது. நீர் விடியமுன் குளித்து, நீலச் சேலை உடுத்தி, என் படலையில் வந்து நின்றீர். நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்: "ரெண்டு பக்கமும் கள்ளர். கள்ளருக்குள்ள நல்ல கள்ளனைத் தேடி நான் பஸ் ஏறமாட்டன்."

நீர் வேலியில் நட்டிருந்த பூவரசங் கதியாலைப் பிடித்தீர். பிறகு, "நீங்களே போகலன்னா நான் மட்டும் போறது நல்லா இல்ல" என்றீர். அட்டையை என் கையில் வைத்தீர். "எங்க வீட்டுல எலி. நீங்களே வச்சிருங்க. அடுத்த வாட்டி ரெண்டு பேரும் போவோம்."

அன்று என்னை வீட்டுக்குள் வைத்திருந்தது கொள்கை அல்ல, பயம். யார் பார்ப்பார்கள், யார் போய்ச் சொல்வார்கள் என்ற பயம். அதற்குப் பெருமையைப் போர்த்தி உம்மிடம் காட்டினேன். உமக்கும் பயம் இருந்திருக்கும். ஆனாலும் நீலச் சேலை உடுத்து வந்தீர்.

அடுத்த முறை உமக்கு வரவில்லை. இறுதிப் போரில் கடற்கரையில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்த மாதங்களில் ஒரு காலை, இரண்டு பேருக்கும் கஞ்சி வாங்கி வருகிறேன் என்று சட்டியோடு போனீர். எறிகணைச் சத்தம் நின்றபின் நானும் உமது மகளும் தேடினோம். சட்டிகூட அகப்படவில்லை. ஆகையால் உமக்கு விளக்கேற்றுவதா இல்லையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. படலைப் பக்கம் யாராவது தொண்டையைச் செருமினால் இன்றும் முதலில் நீலச் சேலையைத்தான் தேடுகிறேன்.

இப்போது மறுபடியும் தேர்தல். ஒருவர் எங்கள் மொழியில், எங்கள் செத்தவர்களின் பெயரால் வாக்குக் கேட்கிறார். ஒலிவாங்கியை வைத்தபின் அடுத்த தேர்தல் வரை இந்தப் பக்கம் வரமாட்டார். இன்னொருவர் எல்லாவற்றையும் மாற்றுவாராம். நாங்கள் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது உங்கள் கட்சி எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டேன். "அது பழைய கதை அம்மா" என்றான் நோட்டீஸ் கொண்டுவந்தவன். மூன்றாமவர் வீதிக்குத் தார்க் காபெட் போட்டுத் தந்தவர்; அந்த வீதியின் முடிவில் இராணுவத்தின் முட்கம்பிக்குப் பின்னால் கிடக்கும் காணிகளைப் பற்றி அவரது தாளில் ஒரு வரி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு வரிசையும் போடலாமாம். ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்கு வரிசை போட்டவள் நான். இந்தத் தாளில் என் கை ஓடவில்லை.

இன்று காலை உமது மகள் வந்தாள். எங்களோடேயே வளர்ந்ததால் அவள் பேச்சில் மலையகம் இல்லை. ஆனால் கதியாலைப் பிடிக்கும் விதம் அப்படியே உம்முடையது.

"ரீச்சர், நானும் போகேல்ல."

"ஏன்?"

"நீங்களே ஒருத்தருக்கும் சித்தி இல்லை எண்டு சொல்லிப்போட்டியள். பிறகென்னத்துக்கு நான் வேலையை விட்டிட்டு வரிசையில நிக்கிறது?"

அதே படலை, அதே கதியால். இந்த முறை தடுப்பதற்கு எவரும் இல்லை, என் வாயைத் தவிர. அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, இத்தனை வருடம் அவளுக்குக் காட்டாத உமது அட்டையைக் கையில் கொடுத்தேன். அன்று நடந்ததையும் நான் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. பாதிப் பெயரின்மேல் பெருவிரலை வைத்தாள்.

"சரி, போவம் ரீச்சர். ரெண்டு பேருமாப் போவம்." பிறகு கேட்டாள்: "அம்மா அண்டைக்கு ஆருக்குப் போட இருந்தவா?"

எனக்குத் தெரியாது. புள்ளடி பெட்டிக்குள் விழுகிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். யாருடைய பெட்டியில் போடப்போகிறீர் என்று உம்மிடம் ஒருநாளும் கேட்கவில்லை. உமக்கென்று ஒரு எண்ணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மூவரின் துண்டுப்பிரசுரங்களையும் இப்போது மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். உமது அட்டை பக்கத்தில் கிடக்கிறது. சனிக்கிழமை என் அட்டையோடு அதையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போவேன். வெறும் தாளை மடித்துப் போட்டுவிட்டு வரமாட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முன்பொருமுறை நீர் எனக்கு எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தந்தேன். இனி அப்படிச் செய்யமாட்டேன். அன்று யாருக்குப் போட இருந்தீர், ஏன் என்று வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்கு எழுதும்.