முதலில் சரிவு, பிறகு பாலம்

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீதான் போனை எடுப்பதில்லையே. என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் கொஞ்சம் கெஞ்சுகிறது. அப்பாவின் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

நகராட்சிக் கூட்டத்தில் நான் சொன்னது சித்தப்பா வழியாக உனக்கு வந்துவிட்டது. அப்பாவை அதுக்குள்ள மறந்துட்டியாம்மா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். இதையாவது கடைசிவரை படி. வெள்ளம், மண்சரிவு இவற்றைத் தடுக்கிற வேலைகளில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க ஊரில் சிலரைக் குழுவில் சேர்த்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். இந்த ஆண்டு ஒரு பெரிய வேலைக்குத்தான் பணமாம். நம் தாழ்வான பாலத்தை உயர்த்துவதா, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள சரிவுக்குத் தடுப்புச் சுவர் கட்டுவதா என்பதில் வந்து நின்றது. தலைவர் எழுந்து, டீச்சர் வீட்டுத் துக்கம் நம்ம எல்லார் துக்கமும்தான், பாலத்தையே முதல்ல வச்சிடுவோம் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. போன மழையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓட, ஆம்புலன்ஸ் அக்கரையில் விளக்கைச் சுழலவிட்டபடி நின்றதே, அப்போது பக்கத்து வீட்டுக்காரர் காரின் பின் சீட்டில் அப்பா என் மடியில் தலை வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ்காரன் வந்துட்டான் பாரு, அழாதே என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அந்தப் பாலத்தை நான் மறப்பேனா?

ஆனால் கூட்டத்துக்கு முன்தினம் பொறியாளர் பெண் எங்களைச் சரிவுக்கு அழைத்துப் போயிருந்தாள். அடிவாரத்தில் வரிசையாக வீடுகள். கடைசி வீட்டுத் தையல்காரி, என் கதவு சாத்தவே மாட்டேங்குது டீச்சர், திருடன் வந்தா தட்டுற வேலை மிச்சம் என்று சிரித்தாள். மண் தள்ளித் தள்ளிக் கதவு நிலையே கோணிவிட்டது. பின்சுவர் வெடிப்பில் பொறியாளர் பெண் கையை விட்டாள், மணிக்கட்டு வரை உள்ளே போனது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தொட்டில் கட்டியிருந்தது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். வகுப்பில் நானும் அழுகிற பிள்ளையிடம்தான் முதலில் ஓடுவேன், ஆனால் காய்ச்சல் பெரும்பாலும் கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் படுத்திருக்கிற பிள்ளைக்குத்தான் இருக்கும். நம் வீடு அழுதது, ஊர் ஓடி வந்தது. அந்த வரிசையில் இன்னும் யாரும் அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆற்றில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், மண் சொல்லிவிட்டு வராது. அதனால் கைகளை இறக்கச் சொன்னேன். முதலில் சரிவு, பிறகு பாலம் என்றேன். மழை மாதங்களில் ஒரு ஆம்புலன்ஸ் நம் கரையிலேயே நிற்க வேண்டும் என்று கேட்டேன், அதற்கு ஒப்புக்கொண்டார்கள். பாலம் இரண்டாவது, எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது.

சித்தப்பா வாசலிலேயே நின்று, அண்ணனுக்கு ஒரு பாலம்கூட வாங்கிக் கொடுக்க மனசு வரலியா அண்ணி என்று கேட்டுவிட்டுப் போனார், காபிகூடக் குடிக்கவில்லை. அதன்பிறகு வரவில்லை. இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்பவும் அலமாரியில் வைக்கிறேன். செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சரியாகச் செய்தால் மனசு ஆறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அது முழு உண்மை இல்லை போலிருக்கிறது.

குட்டிக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கோபம் இருந்தால் இருக்கட்டும், சாப்பாட்டில் காட்டாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. மழைக்காலத்தில் வந்தால், பாலத்தின் மேல் தண்ணீர் கொஞ்சமாகத் தெரிந்தாலும் இறங்காதே, அக்கரையிலேயே நில். நான் இக்கரையில் வந்து நிற்கிறேன். தண்ணீர் வடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டாவது இருப்போம்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அம்மா