பெட்டியில் போட்ட சீட்டு

அன்புள்ள அத்தைக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் முட்டிவலி தேவலையா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சுகம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை. இங்கே சபையில் ஜெபக்குறிப்பைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஜெபம் நடத்துகிறவர் அதை எடுத்து வாசிப்பார். நடத்த வேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். "நீதான் படிச்ச பொண்ணாச்சே, வாம்மா" என்று பாஸ்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

சபைக்காக, உலகச் சமாதானத்துக்காக, வேலையில்லாதவர்களுக்காக என்று கணீரென்று வாசித்தேன். அடுத்த சீட்டைப் பிரித்தால் என் கையெழுத்து! 'தூரத்தில் இருக்கும் என் பிள்ளையின் இருமல் நிற்க வேண்டும்.' வாசித்துவிட்டு, அடுத்த சீட்டை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெபம் முடிந்துவிட்டதென்று நினைத்து, முன்வரிசைக் குட்டிப்பெண் "ஆமென்!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாயோடு "ஆண்டவரே, கேட்டருளும்" என்றார்கள், யாருக்கென்று தெரியாமலே.

இருமல் நின்றுவிட்டதென்று நீங்கள் சொன்னதை நம்பாமல் இல்லை அத்தை. ஆனால் நாள் முழுக்க லேபில் யார் யாருடைய சளியையோ சோதிக்கிறவள் நான், பயம் வரத்தான் செய்கிறது. உங்கள் பேரனுக்கு நீல ஸ்வெட்டர் கை குட்டையாகிவிட்டதா? அளவு எழுதுங்கள்.

இன்னொன்று. அவன் படுக்கும்போது ஜெபம் பண்ணுவதைப் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். போன தடவை பாதியிலேயே நின்றுவிட்டது. நடுவில் இருமினாலும் நிறுத்தாதீர்கள் அத்தை. எனக்கு ஆமென் வரைக்கும் வேண்டும்.

காலை ஷிஃப்ட், படுக்கப் போகிறேன்.

உங்கள் மருமகள்