மறிக்கச் சொன்னவர்

இன்று கோயிலில் மொட்டை அடித்த ஒரு குழந்தையின் தலையில் சந்தனம் பூசினார்கள். அந்த வாசத்தில் கண்ணை மூடினேன். பக்கத்தில் நீங்கள் நிற்பது போலவே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணமாகி நாம் இருவரும் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில், எங்கள் அப்பார்ட்மென்டுக்கு முன்னால் கடைகள் இருந்த பிளாசாவிலிருந்து சூதாட்டக் கசினோவுக்குப் பஸ் போகும். உங்களையும் ஏற்றிக்கொண்டு பனிக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடும். யன்னலில் நின்று பார்ப்பேன். திரும்பி வந்தாலும் நீங்கள் வந்தது போல இருக்காது. உங்களை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். ஆனாலும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதில்லை. வெளிக்கிடுகிறவரிடம் அப்படிக் கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் காரியம் சரிவராமல் போனால்தானே நல்லது? அது என் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் நீங்களே கசினோவுக்குப் போய், "இனி என்னை உள்ளே விடவேண்டாம்" என்று கையெழுத்து வைத்தீர்கள். வாசலில் நிற்பவர்கள் அடையாளம் காணப் படமும் எடுத்தார்கள். சுருட்டை முடி, கட்டை மீசை. அதோடு நின்றீர்களா? முருகனிடமும் சொல்லிவைப்போம் என்று அடுத்த வெள்ளியே கோயிலில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசி, மீசையையும் எடுத்தீர்கள்.

மாதம் முடியுமுன் ஆசை இழுத்தது. போனீர்கள். பின்னேரம் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்றீர்கள்.

"ஒருத்தரும் மறிக்கேல்லையப்பா. மறிப்பினம் எண்டு நம்பித்தான் போனனான்."

"உந்தத் தலையோடை போனா முருகனுக்கே உங்களை அடையாளம் தெரியாது."

இருவரும் சிரித்தோம். பிறகு நீங்கள் அழுதீர்கள்.

"இனி நான் வெளிக்கிடேக்கை நீர் கேளும், எங்கை போறியள் எண்டு."

கேட்கக்கூடாது என்றே வளர்ந்தவள் நான். ஆனாலும் கேட்கத் தொடங்கினேன். சில நாள் கதவடியிலிருந்தே திரும்பி வந்து தேத்தண்ணி கேட்பீர்கள். சில நாள் போய்விடுவீர்கள். முடி வளர்ந்த பிறகு ஒருமுறை கசினோ வாசலிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். "இண்டைக்கு என்னைப் பிடிச்சிட்டாங்கள்!" என்று பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி வந்தீர்கள். வரவரப் போகிற நாட்கள் குறைந்தன.

அப்படிக் கையெழுத்து வைத்தால் உதவுமா என்று இப்போதும் சில பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. உதவும், ஆனால் வீட்டுக் கதவடியிலும் ஒருவர் கேட்க வேண்டும் என்பேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் காலையிலும் உங்கள் கையைப் பிடித்துக் கேட்டேன், "எங்கையப்பா போறியள்?" என்று. கண் திறந்து பார்த்தீர்கள். பிறகு போய்விட்டீர்கள். நீங்கள் கசினோவுக்குப் போன நாட்களை நான் எண்ணி வைக்கவில்லை. எனக்காக நின்ற நாட்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.