சீமாட்டி வருகிற காட்சி

வோபர்ன்
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி றீற்றாவுக்கு,

போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற கதையை எழுதி அனுப்பச் சொல்கிறீர். சரி, எழுதுகிறேன். என் முழங்கால் நோவைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். உம்முடைய பாடு எப்படி?

தலைவரின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு போன கிழமைதான் முடிந்தது, அதற்குள் எங்கள் நாடக மன்றம் இரண்டாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் தலைவராக இருந்த மனிதர், தனக்குப் பிறகு யார் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். இரத்தினவேல் உபதலைவர், ஆகவே தலைவர் கதிரை தனக்குத்தான் என்கிறார். றமேஸ் தலைவரின் மருமகன், மேடை லைற்றும் சாமான் ஏற்றுகிற வானும் அவனுடையவை, ஆகவே தனக்குத்தான் என்கிறான். நேற்று ஒருவர் என் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்க, மற்றவர் படி ஏறுகிறார். நான் யார் பக்கம் நிற்பது? நீர் பதினெட்டு வருடம் செயலாளர். ஒரு வழி சொல்லும்.

உம்முடைய நாடகத்தைப் படித்தேன். நல்லாயிருக்கிறது. ஆனால் நான் நடிக்கப்போகிற பிரபு, அந்தத் தொம் துவார்த்தே, ஏன் இப்படி இருக்கிறான்? போர்த்துக்கல் அரசர் பிள்ளையில்லாமல் செத்துப்போனார், அடுத்த அரசர் யார் என்று நாடே அடிபடுகிறது. இவன் மாளிகைக்குள் இருந்துகொண்டு இரண்டு பக்கத்துக்கும் கடிதம் அனுப்புகிறான். சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு வாள் சண்டையாவது போட்டுத் தாரும்.

அன்புடன்
இராசரத்தினம் அண்ணை


மல்வேர்ன்
13 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். படித்த எரிச்சலில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, பனிக்குள் திரும்பி நடந்தேன். மற்றபடி சுகம்.

ஏன் எழுதச் சொன்னேன் தெரியுமா? போனில் நீங்கள் எல்லாவற்றுக்கும் ஓம் என்பீர்கள். வைத்த பிறகு, எதற்கு ஓம் என்றீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாள் சண்டை தரமாட்டேன். துவார்த்தே என் கற்பனைதான். ஆனால் 1580ஆம் ஆண்டு அங்கே அப்படி எத்தனையோ பிரபுக்கள் இருந்திருப்பார்கள். போட்டி ஸ்பெயின் அரசனுக்கும் இறந்த அரசரின் அண்ணன் மகன் அந்தோனியோவுக்கும். ஸ்பெயின் அரசன் பக்கம் போய் அந்தோனியோ வென்றுவிட்டால்? அந்தோனியோ பக்கம் போய் ஸ்பெயின்காரன் வந்துவிட்டால்? நிலமும் போகும், தலையும் போகும். அவன் கெட்டவன் இல்லை அண்ணை. எல்லோருக்கும் நல்லபிள்ளையாக இருக்கப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

ஐந்தாம் காட்சியை இன்னொரு தரம் படியுங்கள். பிறகன்சாச் சீமாட்டி துவார்த்தேயின் வீட்டுக்கே வருகிறாள். இறந்த அரசரின் தம்பி மகள். உரிமை என்று பார்த்தால் மற்ற இருவருக்கும் அவள் எந்த விதத்திலும் குறைந்தவள் இல்லை. அவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மன்றத்துக்கு யார் என்று கேட்டீர்கள். அந்த இரண்டு பேரை விட்டால் ஆளே இல்லையா?

அன்புடன்
றீற்றா


வோபர்ன்
23 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஐந்தாம் காட்சியை இரண்டு தரம் படித்தேன். வெட்டிவிடலாம். நாடகம் ஏற்கெனவே நீளம். அந்த மனுசி வருகிறா, கதைக்கிறா, போகிறா. சண்டை மற்ற இரண்டு பேருக்கும்தானே?

மூன்றாவது ஆள் யார் என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். சுலக்சனையா சொல்கிறீர்? கெட்டிக்காரன்தான், ஆனால் போன வருடம் சேர்ந்தவனைத் தலைவராக்கினால் பெரியவர்கள் விடுவார்களா?

பொதுக்கூட்டம் மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. அறிவித்தலை அடித்து எல்லோருக்கும் அனுப்பிவிடும். மண்டபத்துக்கும் நீர்தான் சொல்லவேண்டும். போனமுறை சனத்துக்குக் கதிரை போதவில்லை, அதையும் ஒருக்கால் பாரும்.

அன்புடன்
அண்ணை


மல்வேர்ன்
2 மார்ச் 2025

அண்ணை,

நான். அந்த மூன்றாவது ஆள் நான்.

பதினெட்டு வருடமாக மண்டபம் பிடித்தது யார்? உடுப்புத் தைப்பித்தது யார்? தலைவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு மாதமும் மன்றத்தை நடத்தியது யார்? உங்கள் மனம் சுலக்சன் வரைக்கும் போயிருக்கிறது, என்னிடம் வரவில்லை. முப்பது வருடப் பழக்கம் அண்ணை. எனக்கு நோகிறது.

எங்கள் யாப்பின்படி, தலைவர் பதவிக்கு ஒரு பெயரை நிர்வாகசபையில் இருக்கும் ஒருவர்தான் முன்மொழியலாம். றமேசும் இரத்தினவேலும் என் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் பெயரை நானே சொல்லவும் முடியாது. மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். வழிமொழியக் கஜனி இருக்கிறாள். பெயர் மட்டும் வந்தால் போதும், பெண்கள் எல்லோரும் கை தூக்குவார்கள் என்கிறாள்.

செய்வீர்களா, மாட்டீர்களா? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

றீற்றா


வோபர்ன்
4 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி,

வெட்கமாக இருக்கிறது. உம்முடைய கடிதத்தை வீட்டுக்காரிக்குக் காட்டினேன். "இவ்வளவு நாளும் உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டா.

ஓம். எழுத்திலேயே தருகிறேன், ஓம். கூட்டத்தில் நான் எழும்பி உம்முடைய பெயரைச் சொல்வேன். ஐந்தாம் காட்சியும் அப்படியே இருக்கட்டும்.

என்றும் அன்புள்ள
அண்ணை


மல்வேர்ன்
17 மார்ச் 2025

இராசரத்தினம் அண்ணைக்கு,

நேற்றைய கூட்டக் குறிப்பை இத்துடன் அனுப்புகிறேன். செயலாளராக நான் எழுதும் கடைசிக் குறிப்பு இதுதான். புதிய தலைவர் இரத்தினவேலுக்கு விலகல் கடிதமும் போய்விட்டது.

நாடகத்தை மன்றத்துக்குத் தரவில்லை. கஜனியும் இன்னும் ஒன்பது பேரும் என்னுடன் வருகிறார்கள். மோர்னிங்சைட்டில் ஒரு பாடசாலை மண்டபம் கேட்டிருக்கிறோம். துவார்த்தேயை வேறொருவர் நடிப்பார். உங்கள் மேல் உள்ள கோபத்தில் அவனைக் கெட்டவனாக மாற்றமாட்டேன், பயப்படவேண்டாம்.

இன்று காலையில் இருந்து நாலு தரம் போன் எடுத்துவிட்டீர்கள். நான் எடுக்கமாட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும், என்றாலும் எழுத்தில் கிடக்கட்டும்.

தலைவர் பதவிக்கு அவர்கள் இருவரின் பெயரும் வந்த பிறகு, "வேறை ஆரும் இருக்கினமா?" என்று கூட்டத்தை நடத்தியவர் கேட்டபோது நீங்கள் எழும்பினீர்கள். நான் பேனையைக் கீழே வைத்தேன். றமேஸ் திரும்பி உங்களைப் பார்த்தான். இரத்தினவேலும் பார்த்தார். "றீற்றாத் தங்கச்சி..." என்று தொடங்கினீர்கள். வழிமொழியக் கஜனி கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டாள்.

"றீற்றாத் தங்கச்சி கூட்டத்தை நல்ல வடிவாய் ஒழுங்குபடுத்தியிருக்கிறா. எல்லாரும் அவவுக்கு ஒருக்காக் கை தட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டீர்கள்.

சபை முழுக்கக் கை தட்டியது. நானும் எழும்பி நின்று, சிரித்துக்கொண்டு, எல்லோருக்கும் நன்றி சொன்னேன். உங்களை எப்போதாவது மன்னித்தாலும் மன்னிப்பேன் அண்ணை. அந்த நன்றியைச் சொன்னதற்கு என்னை நான் மன்னிக்கமாட்டேன்.

றீற்றா